நரிக்கு மூஞ்சி வந்துச்சா?

ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில், ஷோகேஸுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, முகமில்லாத நரி ஒன்று பல வருஷங்களாக நின்றுகொண்டிருந்தது. உடம்பு முழுக்க முடிந்துவிட்டது. உப்பும் மிளகும் கலந்து தூவின மாதிரி முதுகு, கறுத்த வால் நுனி, காலடியில் காய்ந்த கோரைப்புல், பின்னால் ஏரிக்கரை, அதன் மேல் விடியற்கால வெளிச்சம் எல்லாம் இருக்கும். கழுத்துக்கு மேலே மட்டும் வெறும் கேன்வாஸ் துணி. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு காபி நன்றாக இருக்கிறது என்பார்கள்.

நான் ஓவியர் இல்லை. படப்பையைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் மேற்குத் தாம்பரத்தில் ஓர் ஓவிய வகுப்பில் அவளைச் சேர்த்தேன். ஞாயிறுதோறும் வாசலில் காத்திருந்து அலுத்துப்போய் நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவள் சில மாதங்களில் நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. மீன்கொத்தி, கீரி, கூழைக்கடா, முள்ளம்பன்றி என்று வரிசையாக வரைந்து தள்ளினேன். எனக்குப் பொறுமை குறைவு. எதையும் ஒரு மாதத்துக்கு மேல் இழுக்க மாட்டேன். நரி மட்டும்தான் இழுத்தது, அதற்குக் காரணம் என் கணவர்.

ஒரு கிருத்திகையன்று விடியற்காலை இரண்டு பேரும் ஸ்கூட்டரில் குன்றத்தூர் மலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மணிமங்கலம் பக்கம் ஏரிக்கரை ஓரமாக ரோடு குண்டும் குழியுமாக இருந்ததால் அவர் மெதுவாக ஓட்டினார். புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த எனக்கு இடதுபுறத்துப் புதர் நேராகத் தெரிந்தது. அங்கே அது நின்றது. உடம்பை அந்தப் பக்கம் வைத்துத் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. "நரிங்க! நரி!" என்று அவர் முதுகில் தட்டினேன். அவர் பிரேக் போட்டுக் காலை ஊன்றித் திரும்புவதற்குள் புதர் மட்டும்தான் இருந்தது.

"நாயா இருக்கும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. மலையில் சாமி கும்பிடும்போதுகூட எனக்கு ஆறவில்லை. அவர் அதை அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். உறவினர் யார் வந்தாலும், "எங்க வீட்டம்மா நாயைப் பாத்துட்டு நரின்னு சாமி சத்தியம் பண்றவங்க" என்று ஆரம்பித்துவிடுவார். அவருக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் பேட்டரி, இன்வெர்ட்டர் கடை. நாள் முழுக்க ஆட்களைச் சிரிக்கவைத்து வியாபாரம் செய்கிறவருக்கு, வீட்டில் அதற்கு நான்தான் கிடைத்தேன். நான் கண்டது நரிதான் என்று அவர் கண்ணெதிரே நிறுத்திக் காட்ட வேண்டும் என்ற வீம்பில்தான் அந்தப் படத்தை வரைய எடுத்தேன்.

உடம்பு ஒரு மாதத்தில் முடிந்தது. முகத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. நாய்க்கும் நரிக்கும் வித்தியாசமே முகத்தில்தான் இருக்கிறது. மூக்கின் நீளம் கொஞ்சம் தவறினால், கண் கொஞ்சம் உருண்டையானால், அது நாயாகிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் அவர் வாயை மூட முடியாது. நாளைக்குப் பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி வருஷங்கள் ஓடின. கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே தினமும் கேட்பார்: "இன்னா, நரிக்கு மூஞ்சி வந்துச்சா?" நான் சமையலறையிலிருந்து பாத்திரத்தை ஓங்கி வைப்பேன். அதுதான் பதில்.

இந்த வருஷம் கடையில் ஒரு பேட்டரியைத் தூக்கி வைத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஆஞ்சியோ செய்து பார்த்துவிட்டு, மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ்தான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதியும் குறித்தாகிவிட்டது. இரண்டு வாரம் கூட இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டுக்கொண்டு வந்தாள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம் அவர் படத்துக்கு எதிரே வெகுநேரம் நின்றார். நான் கிண்டலுக்குத் தயாராக இருந்தேன். அன்றைக்கு அது வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "ஆஸ்பத்திரிக்குக் கெளம்புற அன்னிக்குக் காலைல, இது மூஞ்சில முழிச்சிட்டுப் போலாம்னு பாக்கறேன். முடிச்சிடு" என்றார்.

நரி முகத்தில் விழித்தால் அன்றைக்கு எடுத்த காரியம் ஜெயிக்கும் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்து ஊறிய நம்பிக்கை. கடையில் கல்லாவுக்கு மேலே 'என்னைப் பார் யோகம் வரும்' என்கிற கழுதைப் படம் மாட்டியிருக்கிறவர்தானே. எனக்கு இதிலெல்லாம் துளி நம்பிக்கை கிடையாது. மகளுக்கு அதுவும் கிடையாது. "அப்பா, நல்ல நரி போட்டோ ஒண்ணு டவுன்லோடு பண்ணி பெருசா பிரிண்ட் போட்டுத் தரேன். அம்மாவை எதுக்கு டென்ஷன் பண்றீங்க?" என்றாள்.

"அது எவனோ எங்கியோ பாத்த நரி. இது உங்கம்மா பாத்தது" என்றார் அவர், சாதாரணமாக.

இத்தனை வருஷமாக நான் ஏங்கிய வார்த்தை அதுதான். நரி என்று ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. வாதத்தில் விட்டுக்கொடுக்கிற மனிதரே இல்லை அவர். விட்டுக்கொடுக்கிறார் என்றால் உள்ளுக்குள் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் விடிந்ததும் ஜன்னல் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு சட்டம் போட்டுவிட்டார். முன்னாலேயே பார்த்துவிட்டால் பலன் போய்விடுமாம், அதனால் வேலை முடிந்ததும் படத்தின் மேல் துண்டைப் போட்டுவிட வேண்டும். துண்டு போட்டிருந்தாலும் அவர் ஹாலைக் கடக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போவார். ஒருமுறை டீப்பாயில் இடித்துக்கொண்டார். நெஞ்சில் அடைப்பை வைத்துக்கொண்டு இப்படி நடக்கிற மனிதரை என்ன செய்வது? திட்டினேன். அவர் முகத்தைத் திருப்பியபடியே சிரித்தார்.

முதல் முகம் இரண்டு நாளில் வந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "அம்மா, நம்ம தெரு முனை டீக்கடைல பிஸ்கட்டுக்கு வந்து நிக்குமே..."

"சொல்லாத" என்றேன்.

வண்ணம் வழிக்கிற கத்தியை எடுத்து, காயாத எண்ணெய் வண்ணத்தைச் சுரண்டினேன். அடுத்தது பூனை மாதிரி வந்தது. அதற்கடுத்தது யாரையோ பார்த்துப் பொறாமைப்படுகிற மனுஷி மாதிரி. சுரண்டிச் சுரண்டித் துணி அந்த இடத்தில் மட்டும் அழுக்குப் பிடித்த காலர் மாதிரி ஆகிவிட்டது. போனில் நூறு நரிப் படங்களைப் பார்த்தேன். ஒரு மதியம் அரை நாள் லீவு போட்டு வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கும் போனேன். அங்கிருந்த நரி நிழலில் முகத்தை வாலுக்குள் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "எழுந்திரேன், எழுந்திரேன்" என்று முணுமுணுத்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் குழந்தையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

பயம் மெல்ல மெல்ல உருமாறிக்கொண்டே வந்தது. முடிக்காமல் விட்டு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், கேட்ட ஒரே ஒரு பொருளைக் கொடுக்கவில்லையே என்று காலமெல்லாம் புழுங்குவேன். அது ஒரு பயம். முடித்துக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால்? அது இன்னும் மோசமான பயம். நம்பிக்கையே இல்லாத ஒருத்தி, ஒரு நரிப் படத்தை வைத்துக்கொண்டு புருஷன் உயிரைத் தூக்கிக்கொண்டு அலைகிற மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை. ஆபீஸில் ஒரு கூட்டலைக்கூட ஒழுங்காகப் போட முடியவில்லை. மகள் சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தேன்.

தேதிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, மகளின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மணிமங்கலம் பக்கம் போனேன். அந்த இடத்தில் இப்போது பிளாட் போட்டுக் கல் நட்டு, ஒரு காம்பவுண்டு சுவரும் எழுப்பியிருக்கிறார்கள். ரோடு வழவழவென்று இருந்தது. மகளை மெதுவாக ஓட்டச் சொல்லி, அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டேன். சுவரின் இடத்தில் புதரை வைத்துப் பார்த்தேன். நரியை நிறுத்தினேன். அது தலையைத் திருப்பியது. அதன் பார்வை எனக்குக் கொஞ்சம் முன்னால் போனது.

இத்தனை வருஷமாக அது என்னைப் பார்த்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அது பார்த்தது வண்டி ஓட்டியவரை. பள்ளத்தைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரை ஒரு நரி நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறது, அவருக்குத் தெரியாது. நான் வரைந்த முகங்களெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் பொய்யாக இருந்தன.

"என்னம்மா, ஆச்சா?" என்றாள் மகள்.

"வீட்டுக்கு விடு, சீக்கிரம்" என்றேன்.

ஒரு காது முன்னால், ஒரு காது பின்னால். நெற்றி தட்டை. கண் சாய்வு. கருமணி ஒரு நூல் வலதுபக்கம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று காலையும் மாலையும் வரைந்தேன். கிளம்புகிற நாளுக்கு முதல்நாள் மாலை வெளிச்சம் போவதற்குள் ஏதோ ஒரு முகம் நின்றது. நாய் இல்லை. நரி என்று யாரும் சொல்லலாம். ஆனால் பயந்த கை வரைந்த முகம் என்பது எனக்குத் தெரிந்தது. கோடெல்லாம் இறுகிக் கிடந்தது. இதற்கு மேல் தொட்டால் இதுவும் போய்விடும் என்று துண்டு படாமல் ஒரு அட்டையை வைத்து மறைத்தேன்.

சோதனைகளையெல்லாம் முன்னாலேயே முடித்திருந்ததால் விடிகாலையில் நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் எழுந்து குளித்துவிட்டு, ஈரம் காயாத படத்தை இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனேன். அவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடியிருந்தார்.

"கொண்டாந்துட்டேன். கண்ணைத் தொறங்க" என்றேன்.

"காட்டாத" என்றார்.

"ஏங்க?"

"நான் தூங்கவே இல்ல. ராத்திரி முழுக்க ஒரு பொட்டு தூக்கம் கெடையாது. தூங்கி எழுந்தாத்தானே முழிக்கிறது? இது கணக்குல வராது."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது. "ரெண்டு வாரமா நான் செத்துச் சுண்ணாம்பாகியிருக்கேன். கண்ணைத் தொறந்து பாத்துத் தொலைங்களேன்" என்று கத்தினேன். மகள் ஓடி வந்தாள். கீழே வாடகைக் கார் ஹாரன் அடித்தது. அவர் கண்ணைத் திறக்காமலே எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு ஹாலுக்குப் போய், அங்கே போய்த்தான் கண்ணைத் திறந்தார். நான் படத்தை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கார் பெருங்களத்தூர் தாண்டும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வுடு. அடுத்த முழிப்பு எப்பன்னு பாத்துக்கலாம்" என்றார். அடுத்த முழிப்பு என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கையை இழுத்துக்கொண்டேன். பிறகு நானே திரும்பப் பிடித்துக்கொண்டேன்.

காத்திருக்கும் ஹாலில் ஒரு டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் பெரிய டாக்டர் வெளியே வந்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மயக்கம் தெளிந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். இட்லி வாங்கிச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. எங்களுக்குப் பிறகு வந்தவர்களைக் கூப்பிட்டார்கள், அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே ஜிஎஸ்டி ரோட்டில் விளக்கு போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தேன்.

கடைசியில் ஒரு இளம் டாக்டர் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "மயக்கம் தெளியற நேரம் தாண்டிடுச்சும்மா. கையை அழுத்தச் சொன்னா லேசா அழுத்தறாரு. கால் விரலை அசைக்கிறாரு. ஆனா கண்ணைத் திறக்கல. எவ்வளவு கூப்பிட்டும் திறக்கல. தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமான்னு யோசிக்கிறோம். அதுக்கு முன்னாடி நீங்க வந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க. தெரிஞ்ச குரல்னா சில பேர் திறப்பாங்க."

மகளை உள்ளே விடவில்லை. எனக்குப் பச்சை அங்கி மாட்டி, கையில் மருந்து தேய்த்துவிட்டார்கள். அவர் வாயில் குழாய், கழுத்தில் குழாய், நெஞ்சில் கட்டு. பேட்டரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஊரைச் சிரிக்கவைக்கிற மனிதர், சத்தமில்லாமல் கிடந்தார். "என்னங்க" என்றேன். இன்னொரு தடவை, "என்னங்க, நான்தான்" என்றேன். அவர் விரல் அசைந்தது. கண் திறக்கவில்லை.

"இப்படித்தாம்மா பண்றாரு" என்றார் பக்கத்தில் நின்ற நர்ஸ். "நான் இமையைத் தொட்டுத் தொறக்கப் பாத்தேன். இன்னும் இறுக்கி மூடிக்கிறாரு."

"என்ன சொன்னீங்க?"

"இறுக்கி மூடிக்கிறாரும்மா. குழந்தைங்க பண்ணுமே, அந்த மாதிரி."

நான் குனிந்து பார்த்தேன். இமை இரண்டும் சுருங்கி, புருவம் நெரிந்து, காலையில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அதே முகம். அடுத்த முழிப்பு. எனக்கு உயிர் வந்த வேகத்தில் கோபமும் வந்தது. அடப் பாவி மனுஷா! டாக்டர் ஸ்கேன் எடுக்கப் போகிறார், வெளியே பெற்ற பெண் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள், நீ இங்கே நரிக்குக் காத்துக்கொண்டு கிடக்கிறாயா?

படம் ஊரப்பாக்கத்தில் அலமாரியில் சாய்ந்திருந்தது. போனை வெளியிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். நர்ஸின் சட்டைப் பையில் மருந்துப் பாட்டிலில் எழுதுகிற கறுப்பு மார்க்கர் தெரிந்தது. "சிஸ்டர், அதைக் கொஞ்சம் குடுங்க" என்றேன். அவர் எதற்கு என்று கேட்பதற்குள் நானே எடுத்துவிட்டேன்.

இடது உள்ளங்கையை விரித்தேன். யோசிக்கவில்லை, யோசிக்க நேரமும் இல்லை. தட்டை நெற்றி. முன்னால் ஒரு காது, பின்னால் ஒரு காது. கூர்ந்து இறங்குகிற மூக்கு, மூடிய வாய், கன்னத்தில் நாலு மயிர். சாய்ந்த கண் இரண்டு, கருமணி ஒரு நூல் வலதுபக்கம். சுரண்டிச் சுரண்டிக் கற்றுக்கொண்டதெல்லாம் கை தானாகவே போட்டது. பத்துப் பன்னிரண்டு கோடுகூட இருக்காது. பார்த்தேன். அன்றைக்குப் புதரில் நின்றது இதுதான்.

உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "நரி வந்துடுச்சுங்க. உங்களைத்தான் பாக்குது. தொறங்க."

முதலில் ஒரு கண், அதுவும் கீற்றாகத்தான். அது என் உள்ளங்கையை மேலும் கீழும் பார்த்தது. பிறகு இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்தன. டாக்டர் ஓடி வந்து டார்ச் அடித்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், இங்கே பாருங்கள், அங்கே பாருங்கள் என்றார். டாக்டர் சொன்ன பக்கமெல்லாம் பார்த்துவிட்டு இவர் மறுபடியும் என் கைக்கே வந்தார். நான் வாய்விட்டு அழுதேன். அங்கே அப்படி அழக் கூடாதாம், நர்ஸ் என்னைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். "என்னம்மா காட்டினீங்க?" என்று கதவருகில் கேட்டார். உள்ளங்கையைக் காட்டினேன். "நாயா?" என்றார்.

அவரை என்ன சொல்வது? சிரித்துவிட்டேன்.

மறுநாள் காலை மகளை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அதுவரை இடது கையில் தண்ணீர் படவிடவில்லை. அலமாரிக்கு முன்னால் நின்று, நான் வரைந்த அந்த இறுகிய முகத்தைப் பார்த்தேன். வண்ணம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. கத்தியால் முழுவதையும் வழித்தெடுத்தேன். இடது கையைக் கேன்வாஸுக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அதைப் பார்த்துப் போட்டேன். வியர்வையில் ஒரு காது கொஞ்சம் கலைந்திருந்தது, அதைக் கலைந்தபடியே போட்டேன். குளிப்பதற்கு முன் முடிந்துவிட்டது.

மதியம் பார்க்கிற நேரத்தில் போனபோது அவர் வாயிலிருந்த குழாயை எடுத்திருந்தார்கள். பேசக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நான் பக்கத்தில் போனதும் அவர் என் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தேய்த்துக் கழுவியதில் அங்கே லேசான கறை மட்டும்தான் இருந்தது. உதடு காய்ந்து, தொண்டை கட்டிப்போய், காற்று மாதிரி ஒரு குரல் வந்தது.

"இன்னா... நரிக்கு மூஞ்சி வந்துச்சா?"

"வந்துடுச்சுங்க" என்றேன். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.